காணொளிக் கல்வி: வட்டுக்கோட்டை சொல்லும் பாடம்

வட்டுக்கோட்டை என்ற பெயரைக் கேட்டதும் 1976 மே 14 ஆம் திகதி பண்ணாகத்தில் நிறைவேற்றப்பட்ட தீர்மானமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், அத்தீர்மானத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே அந்த ஊருக்கு வேறொரு முகவரி இருந்தது. 1823 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிகளால் அங்கு நிறுவப்பட்ட செமினரி, ஆசியாவில் ஆங்கிலவழி உயர்கல்வியின் ஆரம்பகால நிலையங்களுள் ஒன்று. கணிதம், வானியல் முதலிய மேற்கத்தேயக் கலைகளோடு தமிழும் அங்கு கற்பிக்கப்பட்டது. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த கறல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் அச்செமினரியின் மாணவர்களே. 1855 இல் செமினரி மூடப்பட்டபோதும், 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக அது மறுபிறப்பெடுத்தது.

அந்தச் செமினரி ஏன் தோன்றியது என்பதை இன்று மீண்டும் நினைவுகூர வேண்டிய தேவை உள்ளது. 1820 களில் மேலும் அமெரிக்க மிஷனரிகள் இலங்கைக்கு வருவதற்குப் பிரித்தானிய ஆட்சியாளர் அனுமதி மறுத்தனர். 1833 வரை அந்தத் தடை நீடித்தது. இருந்த ஆசிரியர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கற்கத் துடித்த பிள்ளைகளோ குடாநாடெங்கும் பரந்திருந்தனர். ஆசிரியர்களை ஊர் ஊராக அனுப்ப முடியாத நிலையில், தெரிவுசெய்யப்பட்ட மாணவர்களை ஓரிடத்துக்கு அழைத்துவந்து, விடுதியில் வைத்துப் படிப்பிப்பதே அவர்கள் கண்ட வழி. டானியல் பூரின் தலைமையில் இயங்கிய அந்நிறுவனம், ஆசிரியர் பற்றாக்குறைக்கு அக்காலம் அளித்த விடை எனலாம்.

இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் கேள்வி மாறவில்லை. இலங்கையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவையும் கொண்ட 1ஏபி வகைப் பாடசாலைகள் ஏறத்தாழ பத்தில் ஒன்று மாத்திரமே. தீவகத்திலோ, வன்னியின் உட்கிராமத்திலோ, மூதூரிலோ, முசலியிலோ, மலையகத் தோட்டப் புறத்திலோ பிறந்த ஒரு பிள்ளை க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் திறமையாகச் சித்தியடைந்தாலும், அதன்பின் அப்பிள்ளை எதைப் படிக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெறுபேறு அல்ல. அருகிலுள்ள பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் இருக்கிறாரா இல்லையா என்பதே. வசதியுள்ள குடும்பம் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கோ, திருகோணமலைக்கோ, காத்தான்குடிக்கோ, கண்டிக்கோ அனுப்பி, விடுதியில் அல்லது உறவினர் வீட்டில் தங்கவைக்கிறது. வசதியற்ற குடும்பத்தின் பிள்ளை, விருப்பமிருந்தாலும் இல்லாவிட்டாலும், கலைப்பிரிவில் சேர்கிறது. கலைத்துறை தாழ்ந்தது என்பதல்ல நமது வாதம். தெரிவு என்பது தெரிவாகவே இருக்கவேண்டும். கதியற்ற நிலையாக இருக்கக்கூடாது என்பதே.

இந்த இடத்திலேதான் வீடியோ கொன்பரன்ஸ் என நாம் பொதுவாக அழைக்கும் காணொளிக் கலந்துரையாடல் பற்றிய சிந்தனை எழுகிறது. மாணவனை ஆசிரியரிடம் கொண்டுவருவது 1823 இன் வழி. ஆசிரியரின் குரலையும் முகத்தையும் கரும்பலகையையும் மாணவனிடம் கொண்டுசெல்வது இன்றைய வழி. இதில் புதுமை எதுவுமில்லை என்று சிலர் கூறக்கூடும். உண்மைதான். போரும் புலம்பெயர்வும் பிரித்துவிட்ட நமது குடும்பங்களுக்கு இத்தொழில்நுட்பம் பாடசாலைகளுக்கு முன்னரே அறிமுகமாகிவிட்டது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் உள்ள பிள்ளைகள், ஊரில் நடந்த பெற்றோரின் இறுதிக்கிரியையை ஸ்கைப் வழியாகப் பார்த்து அழுத காலம் ஒன்றிருந்தது. அந்த ஸ்கைப் சேவையும் 2025 மே மாதத்துடன் நிறுத்தப்பட்டுவிட்டது. உறவைத் திரைவழி பேணக் கற்றுக்கொண்ட சமூகம், கல்வியை அவ்வாறு பேணக் கற்றுக்கொண்டதா என்பதே கேள்வி.

2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாப் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அந்தக் கேள்விக்கான பரீட்சை முன்னறிவித்தலின்றியே வந்து சேர்ந்தது. ஆசிரியர்கள் தத்தமது கைத்தொலைபேசியிலிருந்து வட்ஸ்அப் குழுக்கள் வழியாகவும் ஸூம் வழியாகவும் பாடங்களை நடத்தினார்கள். பெரும்பாலும் சொந்தச் செலவிலேயே நடத்தினார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. எனினும், அக்காலப்பகுதியில் நாட்டில் ஐந்து வீடுகளுள் ஏறத்தாழ ஒன்றில் மாத்திரமே கணினி இருந்தது. பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்தில் மாணவர்கள் அலைவரிசை தேடிக் காட்டுவழியே சென்று பாறை ஏறிப் படித்த செய்தி 2021 இல் உலக ஊடகங்களில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில், சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி, மூன்று மாதங்களுக்கும் மேலாக அந்நிலைப்பாட்டில் உறுதியாக நின்றன. 2022 இல் பொருளாதார நெருக்கடி உச்சமடைந்தபோது, எரிபொருள் இல்லாததால் நகரப் பாடசாலைகள் மீண்டும் இணையவழிக்குத் திரும்பின. அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரமில்லாத வீட்டில் இணையவழிக் கல்வி என்பது வெறுஞ்சொல்லே.

இந்த அனுபவத்திலிருந்து பலர் எடுத்துக்கொண்ட முடிவு, காணொளிக் கல்வி நமக்குச் சரிவராது என்பதாகும். இது அவசரமான முடிவு. தோற்றது காணொளியல்ல, அதை நாம் அமைத்த விதம்.

பெருந்தொற்றுக் காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனி வீட்டில், தனித்தனித் தொலைபேசியில், தனித்தனி டேற்றாக் கட்டணத்தில் இணைய வேண்டியிருந்தது. நோய்ப்பரவலின்போது அதற்கு மாற்று இருக்கவில்லை. ஆனால் சாதாரண காலத்துக்கும் அந்த அமைப்பையே மனதில் வைத்துக்கொண்டு வாதிடுவது தவறு. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு மணித்தியாலக் காணொளி வகுப்பு, படத்தின் தரத்துக்கேற்ப, ஏறத்தாழ அரை முதல் ஒரு ஜிகாபைற் வரை எடுக்கும். முப்பது பிள்ளைகள் முப்பது தொலைபேசிகளில் இணைந்தால் அச்செலவு முப்பது மடங்கு. அதைச் சுமப்பவர்கள் முப்பது பெற்றோர். அதே முப்பது பிள்ளைகளும் பாடசாலையின் ஒரே வகுப்பறையில், ஒரு பெரிய திரையின் முன்னால், ஓர் ஒலிவாங்கியுடன் அமர்ந்தால் இணைப்பு ஒன்று, செலவும் ஒன்று, அதைச் சுமக்க வேண்டியது அரசு. தொலைபேசிக்கும் பிள்ளைக்கும் இடையிலான இணைப்பாக அன்றி, வகுப்பறைக்கும் வகுப்பறைக்கும் இடையிலான இணைப்பாகக் காணொளியை அமைப்பதில்தான் அதன் பயன் தங்கியுள்ளது.

இதற்கு நமது நாட்டிலேயே ஓரளவு சான்று உண்டு. 2020 இல் பல்கலைக்கழகங்கள் பாடசாலைகளைவிட விரைவாகச் சமாளித்துக்கொண்டன. மாணவர்கள் முதிர்ந்தவர்கள் என்பது மாத்திரம் அதற்குக் காரணமல்ல. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பு பல ஆண்டுகளுக்கு முன்னரே கட்டியெழுப்பப்பட்டிருந்தது. ஸூம் வகுப்புகள் அதனூடாக நடத்தப்பட்டன. பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்கான டேற்றாக் கட்டணத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தள்ளுபடி செய்தன. பாதையும் இருந்தது, கட்டணமும் இல்லை. பாடசாலைகளுக்கு இவ்விரண்டும் இருக்கவில்லை.

மறுபுறத்தில், தனியார் ரியூசன் நிலையங்கள் இத்தொழில்நுட்பத்தை உடனடியாகக் கைப்பற்றிக்கொண்டன. பெயர்பெற்ற ஆசிரியர் ஒருவர் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு ஒரே நேரத்தில் ஸூமில் பாடம் நடத்தும் வழக்கம் பெருந்தொற்றின் பின்னரும் தொடர்கிறது. அங்கு கேள்வி கேட்க எவருக்கும் வாய்ப்பில்லை. விளங்காத மாணவனின் முகத்தை எவரும் பார்ப்பதுமில்லை. கட்டணம் செலுத்தக்கூடியவருக்கு மாத்திரமான ஒருவழி ஒலிபரப்பு அது. அரசு விட்டுவைத்த வெற்றிடத்தைச் சந்தை நிரப்பும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

வெளியுலகில் இதனைச் செவ்வனே செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்தில் பாதை என்பதே ஆறுதான். பல கிராமங்களுக்குப் படகில் மாத்திரமே செல்லலாம். அங்கு 2007 ஆம் ஆண்டு முதல், தலைநகர் மனாவுஸில் உள்ள கலையகத்திலிருந்து பாட ஆசிரியர்கள் செய்மதி வழியாக நேரலையில் கற்பிக்கின்றனர். அதைப் பெறும் ஒவ்வொரு கிராம வகுப்பறையிலும் மாணவர்களோடு ஓர் ஆசிரியர் நேரில் இருக்கிறார். அவர் பௌதிகவியல் நிபுணராக இருக்கவேண்டியதில்லை. பிள்ளைகளை ஒழுங்குபடுத்துவார், கேள்விகளைத் திரட்டி அனுப்புவார், பயிற்சிகளைச் செய்விப்பார், விளங்காதவனை இனங்காண்பார். உருகுவேயில் 2012 இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையுடன் ஆரம்பிக்கப்பட்ட திட்டமும் இத்தகையதே. ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறையுள்ள ஆரம்பப் பாடசாலைகளுக்கு, வேறு நாடுகளிலுள்ள ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை காணொளியில் பாடம் நடத்துவர். ஏனைய நாட்களில் அதே பாடத்தை வகுப்பாசிரியரே மாணவர்களுடன் தொடர்ந்து பயில்வார். ஆங்கிலம் சரளமாகத் தெரியாத அவ்வகுப்பாசிரியரும் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொள்கிறார்.

இதற்கு மாறான பாடத்தையும் நாம் அயலிலேயே காணலாம். 2004 செப்டெம்பரில் இந்தியா கல்விக்கென்றே எடுசாற் என்னும் செய்மதியை ஏவியது. அது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும், தரையில் அமையவேண்டிய வலையமைப்புகள் தாமதமானதாலும் பாட உள்ளடக்கம் போதாமையாலும் எதிர்பார்த்த பயன் முழுமையாகக் கிட்டவில்லை என இந்தியக் கணக்காய்வாளர்களே சுட்டிக்காட்டினர். வானில் செய்மதி இருந்தால் போதாது. வகுப்பில் ஆள் இருக்க வேண்டும்.

ஆகவே, வடக்கு கிழக்கிலும் ஏனைய தமிழ்மொழிமூலப் பிரதேசங்களிலும் காணொளிக் கற்பித்தலைத் தொடங்குவதாயின், முதலில் தீர்க்கப்படவேண்டியது எந்தக் கணினியை வாங்குவது என்பதல்ல. திரைக்கு முன்னால் பிள்ளைகளோடு யார் இருப்பது என்பதே. இதற்கான ஆளணி நம்மிடம் இல்லாமலில்லை. அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக நியமிக்கப்பட்டுப் பாடசாலைகளில் இணைக்கப்பட்ட பட்டதாரிகள், ஆசிரியர் சேவையில் தம்மை உள்வாங்குமாறு நீண்டகாலமாகக் கோரிவருகின்றனர். அவர்களுள் விருப்பமுள்ளவர்களுக்கு உரிய பயிற்சியும் படியும் வழங்கி, காணொளி வகுப்பின் துணையாசிரியர்களாக்க முடியும். அந்த அனுபவத்தை ஆசிரியர் நியமனத்தின்போது தகுதியாகக் கொள்வதும் நியாயமானது.

வட்டுக்கோட்டையையே எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து பொன்னாலைப் பாலத்தைக் கடந்தால் காரைநகர். அதற்கு அப்பால் எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எனத் தீவுகள் பரந்துள்ளன. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகுப் பயணம் மாத்திரம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளிக்கும் பருவத்தில் அதுவும் நிச்சயமில்லை. அவ்வாறு சென்று கற்பித்துவரும் ஆசிரியர்கள் போற்றத்தக்கவர்கள். ஆனால் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பாடங்களுக்குரிய ஆசிரியர்கள் எல்லோரும் ஒவ்வொரு நாளும் அவ்வாறு கடல் கடப்பார்கள் என எதிர்பார்க்க முடியாது. பட்டதாரி ஆசிரியர்களையும் ஆய்வுகூடத்தையும் நூலகத்தையும் கொண்ட குடாநாட்டுப் பாடசாலை ஒன்றிலிருந்து, தீவகத்தின் ஒரு வகுப்பறைக்கு அதே பாடம் அதே நேரத்தில் செல்வதற்கு இடையூறாக இருப்பது கடல் அல்ல, ஏற்பாடின்மையே.

தொழில்நுட்பம் முன்னரைப்போல் தடையாக இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பூமியிலிருந்து 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலைகொண்ட பழைய வகைச் செய்மதிகள் வழியாக ஒரு மாணவன் கேள்வி கேட்டுப் பதில் வருவதற்கிடையில் அரை வினாடிக்குமேல் தாமதம் ஏற்படும். சிறிய தாமதம்போல் தோன்றினாலும், இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் நிறுத்தி, உரையாடலே குழம்பிப்போகும். ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளைக் கொண்ட ஸ்ராலிங்க் சேவை 2025 ஜூலையில் இலங்கையில் ஆரம்பமானது. அதன் கட்டணம் ஒரு சாதாரண வீட்டுக்குக் கட்டுபடியாகாது. ஒரு பாடசாலைக்கு, அரசு பொறுப்பேற்றால், கட்டுபடியாகும். ஒளியிழை வடம் எட்டும் இடங்களில் அதுவே மலிவானதும் நம்பகமானதுமாகும். மின்சாரத்தைப் பொறுத்தவரை, ஒரு திரையையும் ஓர் இணைப்புக் கருவியையும் இயக்கச் சிறியதொரு சூரியக்கலத் தொகுதியும் மின்கலமும் போதும்.

தமிழ் மொழியில் கற்கும் அனைவருக்கும் இது பொதுவான விடயம் என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. பாடநூலும் வினாத்தாளும் ஒன்றே. மூதூர் முஸ்லிம் மாணவிக்கும் நெடுந்தீவுத் தமிழ் மாணவனுக்கும் மஸ்கெலியாத் தோட்டத்துப் பிள்ளைக்கும் இல்லாதிருப்பது அதே பௌதிகவியல் ஆசிரியரே. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வேரூன்ற நேர்ந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள், ஒரு தலைமுறை காலம் நெரிசலான வகுப்பறைகளில் படித்தவர்கள். யாழ்ப்பாணத்தின் நல்லாசிரியர் ஒருவர் புத்தளத்து வகுப்பறை ஒன்றுக்கும் கற்பிப்பாராயின், அது பழைய அநீதிக்கு ஈடாகாது. ஆனால் ஒரே மொழியைப் பேசும் இரு சமூகங்கள் ஒருவர் பிள்ளையை மற்றவர் தம் பிள்ளையாக எண்ணத் தொடங்கியதற்கு அது அடையாளமாகும். மேடைகளில் பேசப்படும் இன ஐக்கியத்தைவிட, வாரம் ஐந்து பாடவேளைகள் ஒரே கேள்விக்கு ஒன்றாக விடை தேடும் பிள்ளைகளிடம் அது உறுதியாக வளரும். கிழக்கின் சிறந்த ஆசிரியர்கள் வடக்குக்குக் கற்பிக்கும் எதிர்த்திசைப் பயணமும் இதில் அடங்கும்.

ஆனால் நல்லெண்ணம் மாத்திரம் நேரசூசியை வகுத்துவிடாது. முஸ்லிம் பாடசாலைகளின் தவணை அட்டவணை ஏனைய பாடசாலைகளிலிருந்து வேறுபட்டது; றமழான் நோன்பு காலத்தில் அவை மூடப்பட்டிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்காக முன்கூட்டியே கலையும். தமிழ்ப் பாடசாலைகளின் தைப்பொங்கல், சிவராத்திரி நாட்களும் கருத்திற்கொள்ளப்பட வேண்டும். இரு வகைப் பாடசாலைகளையும் ஒரே திரையில் இணைப்பதாயின், ஆண்டின் ஆரம்பத்திலேயே பொதுவான பாடவேளை அட்டவணை ஒன்று வகுக்கப்பட்டு, விடுபடும் வாரங்களுக்கான பாடங்கள் பதிவுசெய்து வழங்கப்பட வேண்டும். இத்தகைய சிறு விடயங்களைக் கவனியாத பெருந்திட்டங்கள் தொடக்க விழாவின் படத்துடன் முடிந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

ஆசிரியர் பயிற்சியிலும் காணொளிக்குப் பெரும் இடமுண்டு. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் ஒருநாள் செயலமர்வில் கலந்துகொள்ள ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணித்து, இரு இரவுகளை வண்டியில் கழிக்க வேண்டும். பெண் ஆசிரியர்களுக்கு, அதிலும் கைக்குழந்தையுள்ளவர்களுக்கு, இது எத்தகைய சுமை என்பதை விளக்க வேண்டியதில்லை. கோப்பாயிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள கல்வியியற் கல்லூரிகளையும், வலயந்தோறும் உள்ள ஆசிரியர் மத்திய நிலையங்களையும் இணைத்தால் இப்பயணங்களுட் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஆனால், கொழும்பிலிருந்து சிங்களத்தில் நிகழும் விரிவுரையை மாகாணங்களில் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருப்பது பயிற்சியாகாது. தமிழில் நடத்தப்படுவதும், இருபது முப்பது பேருக்கு மேற்படாத குழுவாக இருப்பதும், பங்குபற்றுவோர் தமது வகுப்பறை அனுபவத்தைப் பரிமாற இடமளிப்பதும் இன்றியமையாதவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்துத் தமிழில் நூல்களும் ஆக்கிய சாமுவேல் கிறீன் அறிந்திருந்த உண்மை இது: அறிவு தொலைவிலிருந்து வரலாம், அது விளங்கும் மொழி அருகில் இருக்கவேண்டும்.

குழுநிலைத் தொடர்பாடலும் அவ்வாறே. வலயக் கல்விப் பணிப்பாளர் அழைக்கும் அரைமணிநேரக் கூட்டத்துக்காகத் தீவக அதிபர் ஒருவர் ஒரு முழுநாளைப் படகிலும் பேருந்திலும் செலவிடுகிறார். அன்று பாடசாலை தலைமையின்றி இயங்குகிறது. இத்தகைய கூட்டங்கள் காணொளிக்கு மாற்றப்படலாம். புலம்பெயர் நாடுகளிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் ஏற்கனவே ஸூமில் கூடித்தான் ஊர்ப் பாடசாலைகளுக்கான உதவிகளைத் தீர்மானிக்கின்றன. கட்டடத்துக்கும் வரவேற்பு வளைவுக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை, அயற் கிராமத்து வகுப்பறையோடு தமது பாடசாலையை இணைக்கும் திரைக்கு ஒதுக்கினால், அவ்வுதவி மதிலுக்கு வெளியேயும் பயன்தரும்.

இதற்கு எழக்கூடிய வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு. திரை வந்துவிட்டால், ஆசிரியரை நியமிக்கும் கடமையிலிருந்து அரசு நழுவிவிடும் என்பதே அது. இந்த அச்சம் நியாயமானது. ஆகவேதான் காணொளி வகுப்பு என்பது நியமனம் கிடைக்கும் வரையிலான இடைக்கால ஏற்பாடு என எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். அவ்வெற்றிடம் ஆளணிப் பட்டியலில் வெற்றிடமாகவே காட்டப்பட வேண்டும். கற்பிக்கும் ஆசிரியரின் காணொளிப் பாடவேளைகள் அவரது வாராந்தக் கடமையில் கணக்கிடப்பட வேண்டும். மேலதிகச் சுமையாகத் திணிக்கப்படலாகாது. 2021 இன் தொழிற்சங்கப் போராட்டம் கற்பித்த பாடம் இது. அத்துடன், இரசாயனவியலையும் உயிரியலையும் திரையில் மாத்திரம் கற்க முடியாது. தவணைக்கு ஒருமுறையேனும் மாணவர்கள் ஆய்வுகூடமுள்ள பாடசாலைக்கு அழைத்துவரப்பட்டு, செய்முறைப் பயிற்சியும் ஆசிரியருடன் நேரடிச் சந்திப்பும் வழங்கப்பட வேண்டும். முகம் பார்த்துப் பழகிய ஆசிரியரின் குரலே திரையிலும் மதிக்கப்படும்.

இவ்வளவையும் ஒரே நாளில் நாடெங்கும் செய்யுமாறு எவரும் கேட்கவில்லை. வடமாகாணக் கல்வித் திணைக்களம் ஒரு பாடத்தையும், கற்பிக்கும் பாடசாலை ஒன்றையும், பெறும் வகுப்பறைகள் இரண்டையும் தெரிவுசெய்து, உயர்தரத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு இதனைப் பரீட்சித்துப் பார்க்கலாம். கற்பிப்பது வட்டுக்கோட்டையாகவும், பெறுவது தீவகத்தில் ஒன்றும் முசலியில் ஒன்றுமாகவும் இருக்கட்டும். எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன என்பதை அல்ல, எத்தனை பிள்ளைகள் பரீட்சைக்குத் தோற்றினார்கள், எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்பதையே அளவுகோலாகக் கொள்ளட்டும். பெறுபேறு பொய்த்தால் அதனைப் பகிரங்கமாகச் சொல்லட்டும். பலித்தால் கிழக்கு மாகாணமும் மலையகமும் புத்தளமும் பின்தொடரும்.

1823 இல் ஆசிரியர்கள் போதாது என்று எவரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. இருந்த சிலரைக் கொண்டு என்ன செய்யலாம் என்று சிந்தித்தார்கள்; அதன் பலனை மூன்று தலைமுறைகள் அனுபவித்தன. இன்று நம்மிடம் அவர்களிடம் இருந்ததைவிட ஆசிரியர்களும் அதிகம், வழிகளும் அதிகம். குறைவாக இருப்பது, ஓர் ஊரின் ஆசிரியரை இன்னோர் ஊரின் பிள்ளைக்கும் உரியவராக்கும் மனமும் நிர்வாக உறுதியுமே.